கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு கை

எனக்கு வந்த நோய்க்கு எங்கள் தெருவில் ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள். வாதம் என்கிறார்கள் சிலர். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று அடிபம்புப் பக்கம் தீர்ப்பே சொல்லியாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் சொன்ன பெயர் கில்லன் பாரே. என் மனைவி கஸ்தூரியின் தம்பி சங்கர் அதைக் கடைசி வரை ‘கில்லிபாரி’ என்றுதான் சொன்னான். தண்டையார்பேட்டையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது பார்க்கிறவர்கள் எல்லாம், "இன்னா தேவா, செத்துப் பொழச்சியாமே? இன்னாதான்பா ஆச்சு?" என்று பிடித்துக்கொள்கிறார்கள். ஒருவருக்குச் சொல்லி முடிப்பதற்குள் பஸ் போய்விடுகிறது. அதனால் உட்கார்ந்து எழுதிவிட்டேன்.

முதலில் என் வேலையைச் சொல்லவேண்டும். அது தெரியாமல் இது புரியாது. துறைமுகத்தில் நான் சிக்னல்மேன். கப்பலின் மேல்தளத்தில், சரக்கு இறங்கும் பெரிய திறப்பின் ஓரத்தில் நிற்பேன். கிரேன் ஓட்டுகிறவர் மேலே கூண்டில் இருப்பார். கப்பலின் வயிற்றுக்குள் நடப்பது அவருக்குத் தெரியாது, நான் கத்தினாலும் கேட்காது. அங்கே இஞ்சின் சத்தமும் கடற்காற்றும் அப்படி. என் கைதான் அவருக்குச் சேதி. ஆள்காட்டி விரலை மேலே நீட்டிச் சுற்றினால் தூக்கு. கீழே காட்டிச் சுற்றினால் இறக்கு. முஷ்டியை உயர்த்தினால் அப்படியே நில். இரண்டு கையையும் வயிற்றுக்கு முன்னால் கோத்துக் காட்டினால் வேலை முடிந்தது, கொக்கியைக் கட்டிவிட்டு இறங்கி வரலாம்.

இதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒருவன் கைக்குத்தான் கிரேன் அசையும். பக்கத்தில் மேஸ்திரியே நின்று குதித்தாலும் ஆபரேட்டர் திரும்பிப் பார்க்கமாட்டார். அந்த ஒருவன் கை கண்ணில் படாமல் போனால் சரக்கை அந்தரத்திலேயே நிறுத்திவிடவேண்டும்.

என் கையைப் பார்த்து ஓட்டியவர் பஷீர் பாய், ராயபுரத்துக்காரர். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவர் மேலே, நான் கீழே. கூண்டுக்கும் தளத்துக்கும் நடுவில் நாங்கள் பேசாத பேச்சில்லை. என் மகள் பிறந்ததைக்கூட இரண்டு கையையும் தொட்டிலாக ஆட்டித்தான் அவருக்குச் சொன்னேன். கீழே இறங்கி டீக்கடையில் உட்கார்ந்தால் மட்டும் இரண்டு பேருக்கும் பேச்சு வராது. டீயைக் குடித்துவிட்டு அவர் பாட்டுக்கு அவர், நான் பாட்டுக்கு நான்.

சுனாமி வந்ததற்கு முந்தின வருஷத்து மழைக்காலம். தெருக் குழாயில் சாக்கடை கலந்து வந்து, வீட்டுக்கு வீடு வயிற்றுப்போக்கு. எனக்கும் வந்து போனது. அது போய்ச் சில நாளில் பாதம் மரத்துப்போனது போல இருந்தது. செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் வெறுங்காலோடு வீடு வந்து சேர்ந்தேன். கஸ்தூரி திருவொற்றியூர் தையல் கம்பெனியில் வேலை செய்துவிட்டு வந்து களைத்துக் கிடந்தாள். "இன்னாயா, செருப்ப எவன்கிட்ட அவுத்துக் குடுத்துட்டு வந்தே?" என்று கேட்டாள். நானும் சிரித்தேன்.

மறுநாள் கப்பலில் நிற்கிறேன். இரும்புக் கட்டு ஒன்று திறப்புக்கு மேலே வந்துவிட்டது. நிறுத்தச் சொல்லி முஷ்டியை உயர்த்தப் போனேன். கை தோளுக்கு மேல் ஏறவில்லை. பாதியில் நின்று தானாகக் கீழே விழுந்தது. உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கு உயிரே இல்லை. ஆனால் என் கை காணாமல் போன அதே நொடியில் பஷீர் பாய் சரக்கை நிறுத்தியிருந்தார். இரும்பைக் காலியான பக்கம் நகர்த்தி இறக்கிவிட்டு, வேலை நேரத்தில் கூண்டை விட்டு இறங்கி ஓடி வந்தார். நான் தளத்தில் உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்க முடியவில்லை.

அரசாங்க ஆஸ்பத்திரி வராந்தாவில் ஸ்ட்ரெச்சரில் கிடந்தபடி காத்திருந்தேன். ஒரு இளம் டாக்டர் வந்து சின்ன ரப்பர் சுத்தியலால் முழங்காலில் தட்டினார். நல்ல காலாக இருந்தால் துள்ளவேண்டும். என் கால் சும்மா கிடந்தது. பிறகு முதுகுத்தண்டில் ஊசி போட்டுக் கொஞ்சம் நீர் எடுத்தார்கள். கை காலில் சின்னச் சின்னதாக மின்சாரம் வைத்து, அது நரம்பில் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்த்தார்கள். நம் உடம்பில் கிருமியோடு சண்டை போடும் சக்தி ஒன்று இருக்கிறதாம். எனக்கு அது வயிற்றுக் கிருமியை அடித்து முடித்த பிறகும் அடங்காமல் சொந்த நரம்பையே அடிக்க ஆரம்பித்துவிட்டது. ஒயருக்கு மேலே ரப்பர் உறை இருப்பது போல நரம்புக்கும் ஓர் உறை உண்டு. அது உரிந்துபோனால் மூளை சொல்வது கைக்கும் காலுக்கும் போய்ச் சேராது. புத்தி மட்டும் தெளிவாக இருக்கும். காது கேட்கும், வலி தெரியும். இதுதான் அந்த நோய்.

அது காலில் ஆரம்பித்து மேலே மேலே ஏறியது. இடுப்பு, கை, கழுத்து. மூச்சு இழுப்பதும் தசையின் வேலைதானே, அதுவும் போயிற்று. வாய் வழியாகக் குழாய் விட்டு மெஷினோடு சேர்த்தார்கள். மெஷின் எனக்காக மூச்சு விட்டது. சில நாள் கழித்துக் கழுத்தில் சின்னதாகத் துளை போட்டு, குழாயை அங்கே மாற்றினார்கள். அதற்குக் கஸ்தூரி கையெழுத்துப் போட்டாள். போட்ட பிறகு வராந்தாவில் மயங்கி விழுந்ததைப் பின்னால்தான் சொன்னார்கள். குழாய் இருக்கிறவரை குரல் வராது. கையும் இல்லை. முகம்கூட மரத்துவிட்டது. கண்ணும் இமையும் மட்டும் தப்பித்தன.

சிகிச்சை என்னவென்றால், ரத்தத்தை வெளியே எடுத்து, அதில் நரம்பை அரிக்கும் தண்ணீர்ப் பகுதியை மாற்றிவிட்டு, மறுபடி உள்ளே அனுப்புவது. அதற்கு ரத்தம் கொடுக்க ஆட்கள் வேண்டும் என்றார்கள். எங்களோடு சரக்கு இறக்கும் கேங்க் மொத்தமும் வேலை முடிந்த கையோடு, தலையில் சிமென்ட் தூசியோடு வந்து வரிசையில் நின்றது. போய்க் குளித்துவிட்டு வாருங்கள் என்று ரத்த வங்கி அம்மா திட்டினாராம். குளித்துவிட்டு வந்தார்கள். ஊசி என்றால் அலறி ஓடுகிற எங்கள் மேஸ்திரியும் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாராம். வெளியே வாங்கச் சொன்ன மருந்துகளுக்குக் கஸ்தூரியின் கம்மல் போனது. இப்போதும் அவள் காதைப் பார்த்தால் எனக்கு என்னவோ செய்கிறது. கேட்டால், "கம்மலா மூச்சு வுடும்?" என்பாள்.

பேசவும் முடியாமல், கையை ஆட்டவும் முடியாமல் கிடந்தவனுக்குத்தான் மனிதர்கள் கையால் எவ்வளவு பேசுகிறார்கள் என்பது தெரியும். எனக்கு வேறு பொழுதுபோக்கு இல்லை. வந்தவர்களின் வாயை விட்டுவிட்டுக் கையையே பார்த்துக் கிடந்தேன். எதிர்வீட்டு ஜெயா அக்கா, "ஒண்ணுமில்ல தேவா, எய்ந்து நடக்கப் போற பாரு" என்று சொல்லிக்கொண்டே மோவாயில் கை வைத்தாள். மோவாயில் இருந்த கை சொன்னதைத்தான் நான் நம்பினேன். போகும்போது என் முகத்தைச் சுற்றி வழித்து, தன் நெற்றிப்பொட்டில் வைத்துப் படபடவென்று விரலை முறித்தாள். அந்தச் சத்தத்தில் அவள் என்னை எவ்வளவு நேசிக்கிறாள் என்று தெரிந்தது. சங்கர் என்னோடு பேசும்போது கையைக் கட்டிக்கொண்டே இருப்பான். அவன் எதையோ மறைக்கிறான் என்று தோன்றும். வந்தவர்கள் எல்லாரும், எனக்கு வாய் போனதால் காதும் போய்விட்டது போலக் கத்திப் பேசினார்கள். ஒரே நேரத்தில் நாலு பேர் நாலு பக்கம் நின்று கையை ஆட்டினால் எதைத்தான் பார்ப்பது?

என் படுக்கைக்கு எதிரே ஒரு கண்ணாடிக் கதவு. அதற்கு அந்தப் பக்கம்தான் பெரிய டாக்டர் உறவுக்காரர்களோடு பேசுவார். ஒரு நாள் சங்கர் அவரிடம் எதையோ கேட்டான். டாக்டர் தலையை மெல்ல ஆட்டினார். பிறகு இரண்டு கையையும் முன்னால் நீட்டி விரித்தார். சங்கர் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

டாக்டர் கையை விரித்துவிட்டார் என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று நம் ஊரில் குழந்தைக்கும் தெரியும். எனக்குச் சந்தேகமே வரவில்லை. வாழ்நாளெல்லாம் சத்தம் கேட்காத தூரத்தில் நின்று கையால் பிழைத்தவன் நான். வேறு யாராக இருந்தாலும், என்ன பேசினார்களோ என்று கொஞ்சம் யோசித்திருப்பார்கள். நான் யோசிக்கவில்லை. கையைப் பார்த்தால் போதும் என்பது எங்கள் தொழில்புத்தி. சரி, முடிந்தது என்று எடுத்துக்கொண்டேன்.

அதன்பிறகு கிடந்த நாட்கள்தான் இந்த நோயிலேயே மோசமானவை. பயமாக இருந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். மகள் பள்ளிக்கூடப் படிப்பை முடிக்கவில்லை. கஸ்தூரி தினமும் வேலை முடிந்து வந்து, என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து எண்ணெய் தேய்த்து விரல் விரலாக நீவுவாள். சாகப்போகிறவன் கைக்கு எதற்கு எண்ணெய் என்று கதறவேண்டும் போல இருக்கும். கண்ணில் தண்ணீர் வழியும். அவள் வலி என்று நினைத்து சிஸ்டரைக் கூப்பிடுவாள். ஸ்டெல்லா சிஸ்டர் ஓடி வந்து தலையணையை மாற்றுவார், குழாயில் சளியை உறிஞ்சி எடுப்பார், முதுகைப் புரட்டிப் பார்ப்பார். எல்லாம் அன்பாகச் செய்வார். நான் மேலும் அழுவேன். உடற்பயிற்சி சொல்லித்தரும் பையன் வந்து, "மனசால கைய அசைக்கப் பாருங்க சார்" என்றால், அதையும் செய்யாமல் விட்டுவிட்டேன். பெரிய டாக்டர் இது உடம்பைக் கெடுக்கும் என்று கவலைப்பட்டார் என்று பின்னால் தெரிந்தது.

பஷீர் பாய் ஆரம்பத்தில் வந்ததோடு சரி, நடுவில் வரவில்லை. அவரால் பார்க்க முடியவில்லையாம். ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து, தொப்பியைக் கழற்றாமல் வந்து நின்றார். படுக்கையைச் சுற்றி கஸ்தூரி, சங்கர், ஜெயா அக்கா மூவரும் என் கண்ணீருக்கு மூன்று காரணம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாரும் கொஞ்சம் சும்மா இருங்கோ. இன்னாத்துக்கு இப்டி கத்திகினு கீறீங்க? அவனுக்குக் காது நல்லாத்தான் கீது" என்றார் பாய்.

அவர்களைத் தலைமாட்டுக்கு அனுப்பிவிட்டு, அவர் மட்டும் கால்மாட்டில், என் கண்ணுக்கு நேராக நின்றார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தேவா, இத்தினி வருசம் நீ கை காட்டினே, நான் ஓட்டினேன். இன்னிக்கு நான் கை காட்றேன். நீ சொல்ல நெனக்கிறது வந்துச்சுன்னா கண்ண மூடித் தொற. இல்லாங்காட்டி சும்மா பாத்துகினு இரு."

அந்த வார்டில், அத்தனை மெஷினுக்கும் நடுவில், பஷீர் பாய் விரலை மேலே நீட்டிச் சுற்றினார். தூக்கவேண்டுமா? நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே சுற்றினார். இறக்கவா? பார்த்துக்கொண்டிருந்தேன். முஷ்டியைக் காட்டினார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மெதுவாக. ஊசி போட வந்த ஸ்டெல்லா சிஸ்டரும் நின்று பார்த்தார். கடைசியில் பாய்க்கு வேறு சைகை இல்லை. தயங்கித் தயங்கி, இரண்டு கையையும் வயிற்றுக்கு முன்னால் கோத்தார்.

நான் கண்ணை மூடித் திறந்தேன்.

"வேலை முடிஞ்சுதா? யார் வேலை? கப்பல் வேலையா?"

பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் குரல் இறங்கிவிட்டது. "உன் வேலையா?"

மூடித் திறந்தேன். கஸ்தூரி வாயைப் பொத்திக்கொண்டாள். பாய்க்குக் கோபம் வந்துவிட்டது. "எவன் சொன்னான் உன்கிட்ட? இவளா? இந்தப் பையனா?" என்று ஒவ்வொருவராகக் காட்டினார். நான் கண்ணை நகர்த்திக் கண்ணாடிக் கதவைப் பார்த்தேன். மறுபடி சங்கரைப் பார்த்தேன். மறுபடி கதவு. ஸ்டெல்லா சிஸ்டருக்குத்தான் முதலில் புரிந்தது. "பெரிய டாக்டரா? அங்க நின்னு பேசினதப் பாத்தீங்களா?" என்றார். மூடித் திறந்தேன்.

சங்கர் தலையில் அடித்துக்கொண்டான். "ஐயோ மாமா! அன்னிக்கு நான் கேட்டது இன்னான்னா, எப்ப எய்ந்து ஒக்காருவாருன்னு. பொழைக்கறதப் பத்திக் கேக்கவே இல்ல மாமா. பொழச்சுக்குவாருன்னு அவுரு அதுக்கு முன்னாலயே சொல்ட்டாரு. அந்த சந்தோசத்துலதான் நான் அழுதேன்."

சிஸ்டர் போய்ப் பெரிய டாக்டரையே அழைத்து வந்தார். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் கண்ணைப் பார்த்துச் சொன்னார். "இந்த நோய் வந்தவங்க நிறைய பேர் எழுந்து நடக்கறாங்க. நீங்களும் மெதுவா தேறிட்டுதான் வர்றீங்க. எப்போன்னு கேட்டாருங்க உங்க மச்சான். அதை என்னால சொல்ல முடியாது, அதுக்குத்தான் கை விரிச்சேன். நரம்பு உறை வளர்றது அதோட இஷ்டம். இனிமே உங்களைப் பத்தின பேச்சு உங்க முன்னாலதான்." சொன்னபடியே செய்தார். அன்றிலிருந்து என் கட்டில் பக்கத்தில் நின்றுதான் பேசினார்.

கை பொய் சொல்லவில்லை. நான்தான் கேள்வி காதில் விழாமல் பதிலை மட்டும் படித்துவிட்டேன். கப்பலில் எனக்கும் பாய்க்கும் கேள்வி ஒன்றுதான், கண் முன்னால் தொங்கும் அந்தச் சரக்கு. அதனால் கையே போதுமாக இருந்தது. வெளியே உலகத்தில் ஒரே கைக்கு ஆயிரம் கேள்வி இருக்கிறது என்று எனக்கு அதுவரை உறைத்ததில்லை.

அன்று மாலையே பாய் ஒரு சட்டம் போட்டார். "ஒரு ஆளு கைதான் பாக்கணும். தங்கச்சி, அது நீதான். மத்தவங்கோ இன்னா கேக்கணுமோ உன்கிட்ட சொல்லட்டும், நீ கேளு." கஸ்தூரிக்குச் சைகைகளைச் சொல்லிக்கொடுத்தார். அவள் அதோடு நிற்பாளா? டெலிபோன் பூத்தில் நின்று பேசும்போதே கையை வீசி வீசிப் பேசுகிறவள். மூக்கைச் சொறிய ஒன்று, போர்வையை விலக்க ஒன்று, மகள் ஒழுங்காகச் சாப்பிட்டாளா என்பதற்கு ஒன்று என்று தானாகவே சேர்த்துக்கொண்டாள். அவள் வேலைக்குப் போன நேரங்களில் ஸ்டெல்லா சிஸ்டர் அதே வரிசையில் காட்டுவார். என் மூக்கைக் கஸ்தூரி சொறிந்துவிட்டபோது கிடைத்த சுகத்தை எந்தச் சாமியும் எனக்குக் கொடுத்ததில்லை. நான் உடற்பயிற்சிப் பையன் சொன்னபடி மனதால் கையை அசைக்க ஆரம்பித்தேன். அசையாது. மறுநாளும் அசைப்பேன்.

மழை ஓய்ந்து வெயில் வந்தது. மெஷினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, நானே மூச்சு விடப் பழக்கினார்கள். கை மட்டும் அப்படியே கிடந்தது. கை வராவிட்டாலும் பரவாயில்லை, உயிர் இருக்கிறதே என்று கஸ்தூரி வேண்டிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், எனக்குக் கையும் வேண்டியிருந்தது.

ஒரு மத்தியானம். அன்று அவளுக்கு விடுமுறை. எண்ணெய் தேய்த்துவிட்டு, என் கையைக் குப்புறப் போர்வை மேல் வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனாள். வலது கையின் விரல்களில் என்னவோ எறும்பு ஊர்வது போல இருந்தது. மடக்கிப் பார்த்தேன். நாலு விரலும் சேர்ந்து, போர்வையைச் சுரண்டுவது போல லேசாக உள்ளே வந்தன. மறுபடி மடக்கினேன். மறுபடி வந்தன. பாட்டிலோடு திரும்பியவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இன்னாயா," என்றாள். "கூப்ட்றியா?"

கவிழ்ந்த கையில் விரலை மடக்கினால் நம் ஊரில் அதற்கு அர்த்தம் அதுதானே. நான் அதை நினைத்துச் செய்யவில்லை. ஆனால் அவள் கேட்டதும், ஆமாம், இத்தனை நாளும் இதைத்தான் சொல்ல நினைத்தேன் என்று தெரிந்தது. நோய் வந்ததிலிருந்து நான் கூப்பிடாமலே வந்தவள். பஸ் பிடித்து, நசுங்கி, வேலைக் களைப்போடு வந்தவள். நான் கண்ணை மூடித் திறந்தேன். விரலையும் மடக்கினேன்.

வந்தாள். பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கையை முன்போலவே குப்புற வைத்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, திரும்ப நடந்து வாசலுக்குப் போய் நின்றாள்.

"இன்னொரு வாட்டி கூப்டு" என்றாள்.

கூப்பிட்டேன். வந்தாள். மறுபடி போய் நின்றாள். இந்தத் தடவை கண்ணாடிக் கதவைத் தாண்டி, வராந்தாவில்.